மியூசன்பெர்க் நாட்குறிப்பு: கணக்குப் போடுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார்?

ஞாயிறு

ஜூன் மாதம் கேப் டவுனில் குளிர்காலமும் மழைக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. விமான நிலையத்திலிருந்து தெற்கே இறங்கும் சாலையின் இருபுறமும் கேப் ஃபிளாட்ஸ் சமவெளி. நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களையும் கலப்பினத்தவரையும் நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கொட்டிய மணல்வெளி இது. கிழக்கே தகரக் கூரைகளாக விரியும் கயெலிட்ஷாவில்தான் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2001 மே மாதம் அரசு மருத்துவ நிலையங்களில் எச்ஐவி கூட்டுமருந்து கொடுக்கத் தொடங்கியது. அப்போது நாட்டின் அரசே அந்த மருந்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கதைக்கு வியாழக்கிழமை வருகிறேன்.

மியூசன்பெர்க் ஒரு கடலோரச் சிற்றூர். ஃபால்ஸ் பே விரிகுடாவின் ஓரத்தில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக மரத்தாலான உடைமாற்றும் அறைகள் வரிசையாக நிற்கின்றன. சுற்றுலா அட்டைகளில் பார்த்திருப்பீர்கள். மலைச் சரிவில் சுறாவைக் கவனிக்க ஆள் உட்கார்ந்திருப்பார். நிலைமைக்கேற்பக் கொடியின் நிறம் மாறும். இன்று மழையில் கருப்புக் கொடி பறந்தது. கடல் தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் சுறா எதுவும் தென்படவில்லை என்று பொருளாம். தொற்றுநோய்க் கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு கொடி இருந்தால் எவ்வளவு வசதி!

கடற்கரைக்குச் சற்று உள்ளே, ஒரு காலத்தில் ஹோட்டலாக இருந்து பாழடைந்துபோன கட்டடத்தில் இயங்குகிறது ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் இதுவும் ‘எய்ம்ஸ்’தான், படிக்கிறவர்களுக்கு மதுரைச் செங்கல் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. ஜொகன்னஸ்பர்க்கில் பிறந்த இயற்பியலாளர் நீல் டியூரோக் 2003இல் இதைத் தொடங்கினார். அவருடைய பெற்றோர் இருவரும் நிறவெறிக்கு எதிராகப் போராடியவர்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, பாரிஸ் ஆகிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ், மேற்கு கேப் ஆகிய உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களும் தொடக்கத்திலேயே கைகோத்தன. பிறகு செனகல், கானா, கேமரூன், ருவாண்டா என்று கிளை விட்டது. கண்டம் முழுவதிலிருந்தும் வரும் மாணவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் தங்குகிறார்கள், ஒரே வரிசையில் தட்டோடு நிற்கிறார்கள்.

ஊரில் டெங்குக் கணக்கோடு மல்லுக்கட்டுகிற என்னைப் போன்ற புள்ளியியல்காரருக்கு இங்கே என்ன வேலை என்றால், தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று சமன்பாடுகளால் கணிக்கும் கணித மாதிரிகளைக் கற்றுத்தரும் பயிற்சி முகாம் ஒன்று இங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. ‘தொற்றுநோய்த் தரவைப் பொருளுள்ள வகையில் மாதிரியாக்கும் முகாம்’ என்று நீளமான பெயர். அதில் கற்பிக்கும் நண்பர் ஒருவர், “வந்து உட்கார்ந்து பார்” என்றார்.

திங்கள்

வகுப்பில் பாதிப் பேர் கணிதம் படித்தவர்கள், பாதிப் பேர் நோயைக் கண்ணால் பார்த்தவர்கள். உகாண்டாவிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர். நைஜீரியாவில் வகைக்கெழுச் சமன்பாட்டில் முனைவர் பட்டம் வாங்கிய இளைஞர். ஒரு நோயாளியின் படிவத்தைக் கூட இதுவரை பார்த்ததில்லை என்று கூச்சமில்லாமல் சொன்னார். என் பக்கத்தில் மலாவி நாட்டின் மாவட்டச் சுகாதார அலுவலர் ஒருவர். 2022 மார்ச்சில் தொடங்கிய காலராவில் ஓர் ஆண்டுக்கும் மேலாக ஓடியவர். அந்த நாடு கண்ட மிகப் பெரிய காலரா அது: 58,000க்கும் மேற்பட்டோருக்கு நோய், 1,700க்கும் மேற்பட்ட இறப்புகள்.

முதல் பாடம் வழக்கம்போல 1927ஆம் ஆண்டின் கெர்மாக்–மெக்கென்ட்ரிக் சமன்பாடு. நோய்க்கு ஆளாகக் கூடியவர், நோயுற்றவர், நீங்கியவர் (குணமானவர் அல்லது இறந்தவர்) என்று மக்களை மூன்று அறைகளாகப் பிரிக்கும் அந்த மாதிரியைத் தொடாமல் இந்தத் துறையில் யாரும் உள்ளே வர முடியாது. திரையில் அந்தக் கட்டுரையின் புகழ்பெற்ற வளைகோடு வந்தது. கீழே ‘பம்பாய், 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை’ என்று இருந்தது. வாரவாரம் பிளேக்கில் செத்தவர்களின் எண்ணிக்கை. அறையில் இந்தியாவிலிருந்து வந்த ஒரே ஆள் நான் என்பதால் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். கசௌலியில் பாஸ்டர் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றிருந்தவர். உடல்நலம் கெட்டுத் தாயகம் திரும்பி, எடின்பரோவில் கெர்மாக்கோடு சேர்ந்தார். கெர்மாக் ஆய்வக விபத்தில் 1924இல் பார்வையை இழந்த வேதியியலாளர். அவருக்கு முன்பு மலேரியாவுக்குச் சமன்பாடு எழுதிய ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897இல் செகந்தராபாத்தில். மூவரின் மேதைமையிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிணங்களை எண்ணியவர்கள் பம்பாயில், சமன்பாடு எழுதியவர்கள் எடின்பரோவில், என்ற ஏற்பாடு அதற்குப் பிறகு நூறாண்டு அப்படியே நின்றுவிட்டது என்பது என்னை உறுத்துகிறது.

மதியம் அதே உறுத்தல் வேறு பெயரில் வந்தது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, லைபீரியா, சியரா லியோன் இரண்டிலும் அடுத்த ஜனவரி 20க்குள் 5.5 லட்சம் பேருக்கு நோய் வரலாம், பதிவாகாதவர்களையும் சேர்த்தால் 14 லட்சம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் செப்டம்பரில் கணித்தது. எதுவும் மாறாவிட்டால், என்ற நிபந்தனை அதில் தெளிவாகவே இருந்தது. கடைசியில் கினியாவையும் சேர்த்து, கொள்ளைநோய் முடியும்வரை மொத்தம் 28,600 பேர் அளவில்தான் நோய். 11,300 பேர் இறந்தார்கள். அந்தக் கணிப்பை வைத்துக் கேலி செய்வது சுலபம். உலகத்தை உலுக்கிப் பணமும் ஆளும் வர வைத்ததில் அதற்கும் பங்கு உண்டு என்பதால் நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஊர்கள் பிணத்தைக் குளிப்பாட்டும் வழக்கத்தை எந்த வாரத்தில் நிறுத்தின, எந்த ஊர் எந்த ஊரோடு போக்குவரத்தை அறுத்துக்கொண்டது என்பதெல்லாம் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் இருப்பவருக்குத் தெரியும். அந்த அமெரிக்க மையம் இருக்கும் அட்லாண்டாவில் இருப்பவருக்குத் தெரியாது. ‘எதுவும் மாறாவிட்டால்’ என்ற நிபந்தனை எந்த நாளில் செல்லாமல் போனது என்று சொல்ல அந்த ஊரில் இருந்துகொண்டு கணக்குப் போடத் தெரிந்தவர் வேண்டும்.

செவ்வாய்

இன்று நிறுவனம் முழுக்கக் காய்ச்சல். பெயர் ‘மியூசன்பெர்க் கணிதக் காய்ச்சல்’.

இந்த முகாமின் ஆசிரியர்கள் 2010இல் உருவாக்கி, 2012இல் ஓர் உயிரியல் ஆய்விதழில் விவரித்த விளையாட்டு இது. நோய் என்பது ஒரு தாள். தாள் உங்கள் கைக்கு வந்தால் உங்களுக்கு நோய் வந்துவிட்டது. யாரிடமிருந்து, எப்போது என்று குறித்துக்கொண்டு உங்கள் பங்குக்குப் பரப்ப வேண்டும். காலையில் ஒன்றும் தெரியவில்லை. தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்த்தால் படிக்கட்டில், சாப்பாட்டு வரிசையில், கழிவறை வாசலில் எல்லாம் தாள் கை மாறிக்கொண்டிருக்கிறது. எனக்கு நோய் கொடுத்தவர் அந்தக் கால்நடை மருத்துவர். பண்பாடு தவறாமல் ஒரு பிஸ்கட்டோடு சேர்த்துக் கொடுத்தார்.

பிற்பகலில் எல்லாத் தாளையும் சேகரித்து, அந்தத் தரவையே ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி ஆராய்ந்தார்கள். ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுத்தார், ஒருவருக்கு வந்ததற்கும் அவர் அடுத்தவருக்குக் கொடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம், தொற்று ஏன் தானாக அடங்கியது என்று ஒவ்வொன்றாக. இங்கேதான் வகுப்பின் இரண்டு பாதிகளும் முதல் தடவையாக ஒன்றுக்கொன்று தேவைப்பட்டன. நைஜீரிய இளைஞர் கரும்பலகையில் சமன்பாட்டை நொடியில் எழுதிவிட்டார். கோடு தரவோடு ஒட்டவே இல்லை. அரை மணி நேரம் சமன்பாட்டைத் திருத்திக்கொண்டே இருந்தார். மலாவி அலுவலர் எழுந்து போய்த் தாள்களைப் புரட்டினார்.

“இவர்கள் நேரம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எந்த நேரம்? தாளை வாங்கிய நேரமா, நிரப்பிய நேரமா?”

யாருக்கும் தெரியவில்லை. அவரே சொன்னார்: “காலராவில் எங்கள் பதிவேடு முழுக்க இப்படித்தான். திங்கள்கிழமை மட்டும் நோய் உச்சத்தில் இருக்கும். ஞாயிறு பதிவு எழுதுகிறவருக்கு விடுமுறை.”

அதன் பிறகு அந்த இளைஞர் அவர் பக்கத்து நாற்காலிக்கு மாறிவிட்டார். மலாவி அலுவலருக்கும் இந்தப் பக்கம் ஒரு புதுமை காத்திருந்தது. ஆளுக்குச் சமமாகப் பரப்பவில்லை, இரண்டு மூன்று பேர்தான் பெரும்பகுதியைப் பரப்பியிருக்கிறார்கள் என்று வரைபடத்தில் வந்தபோது, வேலியே இல்லாத ஒரு கிணற்றைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார். பாடம் நின்றுபோய் அது கேள்வி பதிலாக மாறிவிட்டது. இரவு சாப்பாடு வரை யாரும் கலையவில்லை.

இந்த ஒரு பிற்பகலுக்காகவே எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வரலாம் என்று எனக்குத் தோன்றியது. சென்னையில் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஆளுக்கோ அறிவுக்கோ நம்மிடம் பஞ்சமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றாடக் காய்ச்சல் கணக்கை எழுதுகிற செவிலியரையும் சமன்பாடு எழுதுகிறவரையும் ஒரே மேசையில் நாள் முழுக்க உட்கார வைத்து, இருவருக்கும் ஒரே தாளைக் கொடுக்கும் வேலையை நான் நம் ஊரில் பார்த்ததில்லை.

புதன்

அரை நாள் விடுப்பு. கடலை உரசிக்கொண்டு ஓடும் ரயிலில் கால்க் பே வரை போனேன். துறைமுகத்தில் ஸ்னூக் மீன், அதைத் திருட வரும் கடல்நாய்கள், சரியான குளிர். பிரியாணியை இவர்கள் ‘பிரெயானி’ என்கிறார்கள், பருப்பு போட்டுச் செய்கிறார்கள். டச்சுக் கம்பெனி காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்த சமையல் இது. பருப்பு எனக்கு ஒத்துவரவில்லை, ஆனால் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

வியாழன்

ரயிலில் ரோண்டபோஷ். கேப் டவுன் பல்கலைக்கழகம் டேபிள் மலையின் முதுகுப் பக்கத்தில் படிக்கட்டுகளாக ஏறுகிறது.

இந்த நாட்டில் எச்ஐவிக்குக் கணித மாதிரி செய்தவர்களில் முன்னோடிகள் மருத்துவர்கள் அல்லர், ஆயுள் காப்பீட்டுக் கணக்காளர்கள். யார் எந்த வயதில் சாவார் என்பது காப்பீட்டுத் தொழிலின் பிழைப்பு. எய்ட்ஸ் அந்தப் பிழைப்பின் அடித்தளத்தையே ஆட்டியது. தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுக் கணிப்பாளர் சங்கம் உருவாக்கிய ‘அசா’ மாதிரிகள் அப்படிப் பிறந்தவை. இன்று ஐநா எய்ட்ஸ் அமைப்பின் மதிப்பீடுகளுக்கு இந்த நாட்டுக்காகப் பயன்படும் ‘தெம்பிசா’ மாதிரியும் இதே பல்கலைக்கழகத்தில் லீ ஜான்சன் உருவாக்கியதுதான்.

தாபோ எம்பெக்கி அதிபராக இருந்த காலம். எச்ஐவியால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்று நாட்டின் தலைமையே ஐயம் எழுப்பிக்கொண்டிருந்தது. 2001இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ராப் டோரிங்டனும் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் டெபி பிராட்ஷாவும் வேறு சிலரும் சேர்ந்து ஓர் அறிக்கை தயாரித்தார்கள். இறப்புப் பதிவேடுகளையும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயதுக்குள் இறந்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் எய்ட்ஸால் இறந்தார்கள் என்றது அறிக்கை. அரசு அந்த எண்ணை ஏற்க மறுத்துச் சண்டைக்கு நின்றது. ஆனால் அறிக்கையை எழுதியவர்கள் ஜெனீவாவிலிருந்து வந்தவர்களாக இருந்திருந்தால், “வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொல்லும் கட்டுக்கதை” என்று ஒரே வாக்கியத்தில் கதையை முடித்திருக்கலாம். இது அரசின் பணத்தில் நடக்கும் மன்றம், அரசின் சொந்த இறப்புப் பதிவேடு, பக்கத்து ரயில் நிலையத்துப் பல்கலைக்கழகம். மறுக்கலாம், வெளியே தள்ள முடியாது.

‘திறன் வளர்ப்பு’ என்று நிதி விண்ணப்பங்களில் எழுதுகிறார்களே, அதில் இந்த வரி ஒருபோதும் வருவதில்லை: சொந்த அரசின் முகத்துக்கு நேரே அதற்குப் பிடிக்காத எண்ணைச் சொல்லிவிட்டு, மறுநாளும் அதே ஊரில் வேலைக்குப் போகக் கூடிய ஆள். பயிற்சியால் மட்டும் அப்படி ஓர் ஆள் உருவாகிவிட மாட்டார் என்பதும் உண்மை. அவருக்குப் பின்னால் நிற்க ஒரு பல்கலைக்கழகம் வேண்டும்.

இருபது ஆண்டு கழித்து, கோவிட் காலத்தில் சூழல் வேறு. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் மாஷா மாதிரியாக்க மையம், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பொருளியல் குழு, ஸ்டெல்லன்போஷின் சசீமா மாதிரியாக்க மையம், இந்த நாட்டின் தேசியத் தொற்றுநோய் நிறுவனம் எல்லாம் சேர்ந்து அரசுக்காகவே ஒரு மாதிரியாக்கக் கூட்டமைப்பு அமைத்தன. 2020 மே மாதம், நவம்பருக்குள் 40,000க்கும் மேற்பட்ட இறப்புகள் நேரலாம் என்றார்கள். நவம்பரில் அரசு அறிவித்த எண்ணிக்கை 20,000 அளவில் இருந்தது. பயமுறுத்திவிட்டார்கள் என்று பத்திரிகைகளில் கண்டனம். மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வாரவாரம் வெளியிட்ட உபரி இறப்புக் கணக்கோ (வழக்கமாக எதிர்பார்க்கும் அளவுக்கு மேல் நேர்ந்த இறப்புகள்), அறிவிக்கப்பட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே நின்றது. அந்த உபரி இறப்புக் கணக்கின் வேர் எய்ட்ஸ் காலத்தில் இதே ஆட்கள் கட்டிய இறப்புக் கண்காணிப்பில் இருக்கிறது.

வெள்ளி

ஸ்டெல்லன்போஷ். ஓக் மரங்கள், வெள்ளைச் சுவர்கள், நாலாபுறமும் திராட்சைத் தோட்டம். ஏழ்மையைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வருகிறவருக்கு இந்த ஊரின் அழகு கொஞ்சம் எரிச்சலூட்டும்.

தென்னாப்பிரிக்கத் தொற்றுநோயியல் மாதிரியாக்க, பகுப்பாய்வு மையம், சுருக்கமாகச் சசீமா, 2006இல் அரசின் சிறப்பு மையமாகத் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் ஜான் ஹார்குரோவ், ஜிம்பாப்வேயின் ஜாம்பேசி பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் செட்சி ஈக்களை எண்ணியவர். ஈயை எண்ணிப் பழகியவரை மாதிரி மையத்துக்குத் தலைமை தாங்க வைத்தது நல்ல தேர்வு என்பேன்.

பின்னாளில் இயக்குநரான ஜூலியட் புல்லியமும் மற்றவர்களும் செய்த ஒரு வேலையைப் பற்றி இங்கே நீண்ட நேரம் பேசினோம். 2021இல் அவர்கள் மிக எளிய ஒரு கேள்வியைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: ஏற்கெனவே கோவிட் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு கூடுகிறதா? முதல் தொற்றுக்கு 90 நாள் கழித்து மறுபடி பாசிட்டிவ் வந்தால் அது மறுதொற்று. வாய்ப்பு மாறவில்லை என்று வைத்துக்கொண்டு எதிர்பார்க்கும் எண்ணை வரைந்து, வந்த எண்ணை அதன் மேல் வைத்துப் பார்ப்பது, அவ்வளவே முறை. பீட்டா அலையில் ஒட்டியது, டெல்டா அலையிலும் ஒட்டியது. ‘வாய்ப்பு கூடவில்லை’ என்று முதல் வரைவை வெளியிட்ட சில வாரங்களிலேயே ஒமிக்ரான் வந்தது. புள்ளிகள் கோட்டைத் தாண்டி மேலே போயின. உலக சுகாதார நிறுவனம் ஒமிக்ரானுக்குப் பெயர் வைத்தது நவம்பர் 26. இவர்களின் திருத்திய கட்டுரை டிசம்பர் 2ஆம் தேதி இணையத்தில் இருந்தது. சுமார் 28 லட்சம் பேரின் பதிவுகள், அதில் 35,670 சந்தேக மறுதொற்றுகள்.

இதில் கடினமான கணிதம் எதுவும் கிடையாது. நம் கல்லூரி முதுகலை மாணவர் செய்துவிடுவார். ஒரே வாரத்தில் பதில் வந்ததற்குக் காரணம், நிரல் முன்பே எழுதி ஓடிக்கொண்டிருந்தது. தேசியத் தொற்றுநோய் நிறுவனத்தின் தரவு தினமும் வந்துகொண்டிருந்தது. தரவு வைத்திருப்பவரும் கணக்குப் போடுகிறவரும் ஒரே கட்டுரையின் ஆசிரியர்கள். தரவு கேட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க ஆறு மாதம் அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வாரம் எத்தனை பெரிது என்று தெரியும்.

கண்டுபிடித்துச் சொன்னதற்குப் பரிசாகப் பணக்கார நாடுகள் தென்னாப்பிரிக்க விமானங்களை நிறுத்தின. அதைச் சொன்னபோது அறையில் ஒருவரும் கோபப்படவில்லை, சிரித்தார்கள்.

சனி

குழுக்கள் தங்கள் ஆய்வுத் திட்டத்தை எடுத்துரைத்தன. பாதி நன்றாக இருந்தன, பாதி இன்னும் வேக வேண்டும். தேநீர் நேரத்தில் பேச்செல்லாம் பணத்தைப் பற்றி. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2025 மே மாதம் வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு மானியத்தின் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்கும் வழியைப் புதிய மானியங்களுக்கு நிறுத்தியது. அதற்குச் சில மாதம் முன்பு எய்ட்ஸ் உதவித் தொகையிலும் பெரிய வெட்டு. சுமார் 80 லட்சம் பேர் எச்ஐவியோடு வாழும் நாட்டில் இது ஏட்டளவு விஷயம் அல்ல. பதிவேடு எழுதுகிறவரின் சம்பளமும் அந்தப் பணத்தில் இருந்தது. கணித மாதிரிக்காரர்கள் எப்படியும் எங்காவது பிழைத்துக்கொள்வார்கள். பதிவேடு நின்றால் மாதிரிக்குத் தீனி இல்லை.

கூட்டுறவு என்றால் இரு பக்கமும் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். பயிற்சி முடித்துப் போகிறவருக்கு அவருடைய அரசு சம்பளப் பட்டியலில் ஒரு பணியிடம் வைத்திருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பெரும்பாலோர் கைவிரித்தார்கள். வெளிநாட்டு நிதியைக் குறை சொல்லும் அதே வாயால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: பணியிடம் உருவாக்குவது அவரவர் அரசின் வேலை. நம் மாவட்டச் சுகாதார அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

மலாவி அலுவலரோடு ஒரே வாடகைக் காரில் விமான நிலையம் வந்தேன். ஊருக்குப் போனதும் எந்த மாதிரியை முதலில் எடுப்பீர்கள் என்று கேட்டேன்.

“மாதிரி பிறகு. நைஜீரியப் பையன் அதைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். நான் முதலில் காலராப் பதிவேட்டில் தேதிக் கட்டத்தை இரண்டாக்க வேண்டும். நோய் தொடங்கிய நாள் ஒன்று, பதிவு எழுதிய நாள் ஒன்று.”

மலாவித் தலைநகர் லிலாங்வேயில் ஓர் அச்சகத்தில் நேற்றிரவே விலை கேட்டுவிட்டாராம். நானூறு பதிவேடுகளுக்குக் கீழே என்றால் அச்சடிக்க மாட்டோம் என்கிறார்களாம். பக்கத்து மாவட்ட அலுவலர்களையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று காரிலிருந்தே ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு வந்தார்.